தாள் உரிக்காத மாதுளை

தாளை நாக்கால் தொட்டுப் பார்த்து வாங்குகிறவர் எனக்குத் தெரிந்து எங்கள் அக்கா ஒருவர்தான். தாள் கடைக்காரர் முதல் தடவை அதைப் பார்த்து மிரண்டுபோய், "அம்மா, இது சாப்பிடற சாமான் இல்லம்மா" என்றாராம். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாளின் மூலையை நாக்கு நுனியில் வைப்பார், ஒட்டுகிறதா என்று பார்ப்பார், அடுத்த கட்டுக்குப் போவார். நாக்கில் ஒட்டுகிற தாள் தண்ணீர் குடிக்கும், ஒட்டாத தாள் குடிக்காது. தண்ணீர் குடிக்காத தாளை எங்கள் தொழிலில் வைத்துக்கொண்டு பொட்டலம்தான் கட்டலாம்.

தொழில் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்தை அட்டை கனத்துக்குச் சீவினால் அதற்கு வெனீர் என்று பெயர். பல நிறத்து வெனீர்களை வெட்டித் துண்டு துண்டாகச் சேர்த்து, மேசைப் பலகையிலும் அலமாரிக் கதவிலும் படம் பதிக்கிற பட்டறை எங்களுடையது. பூ, பறவை, படகு, யாராவது ஆசைப்பட்டால் அவர்கள் மாமனார் முகம், எதுவும் செய்வோம். மெல்லிய ரம்பத்தால் துண்டுகளை அறுக்கிறவன் நான். அவற்றைக் கோக்கிறவர் அக்கா.

கோப்பது என்றால், ஒரு தாளை நனைத்துப் பலகைமேல் விறைப்பாக இழுத்து ஒட்டி, காய்ந்ததும் அதன்மேல், தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரப் பசையைச் சூடாகத் தடவி, ஒவ்வொரு துண்டையும் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். படத்தின் முகம் தாளைப் பார்த்திருக்கும், முதுகு நம்மைப் பார்த்திருக்கும். எல்லாம் பிடித்துக்கொண்ட பிறகு முதுகுப் பக்கம் பசை போட்டு மரப்பலகையில் அழுத்தி ஒட்டுவோம். இப்போது தாள் மேலே வந்துவிடும். அதை வெந்நீரில் ஊறவைத்து உரித்துக் கழுவினால்தான் அடியிலிருக்கும் படம் தெரியும். கழுவுகிற வேலை சின்னவளுடையது. சின்னவள் என்றால் அக்காவின் தங்கை. நாங்கள் மூன்று பேர், பாலீஷ் போடுகிறவர், முதலாளி. பட்டறை அவ்வளவுதான்.

அக்கா என்று நான் கூப்பிட்டாலும் அவருக்கும் எனக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே "தம்பி, அந்தத் தட்டை இங்க வை" என்று சொல்லிவிட்டார். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வாய் வராத ஒரே இடம் அதுதான் என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

அக்காளும் தங்கையும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்துக்கொண்டு ஒன்றாக இருந்தார்கள். ஒன்றாக வருவார்கள், ஒன்றாகப் போவார்கள், வழியெல்லாம் சண்டை போடுவார்கள். சண்டை எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? தாளைப் பற்றித்தான். அக்காவுக்குக் கெட்டியான பழுப்புத் தாள் வேண்டும். கெட்டித் தாள்தான் நனைந்தாலும் சுருங்காது, துண்டுகள் வைத்த இடத்தில் நிற்கும் என்பார். சின்னவளுக்கு மெல்லிய தாள் வேண்டும். செருப்புக் கடையில் புதுச் செருப்பைச் சுற்றி வைத்திருப்பார்களே, அந்த ஜாதித் தாள். சட்டென்று ஊறும், மரத்துக்கு நோகாமல் உரிந்து வரும் என்பாள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். கோக்கிறவருக்குத் தாள் பிடித்துக்கொள்ள வேண்டும், கழுவுகிறவளுக்குத் தாள் விட்டுவிட வேண்டும்.

"மெல்லிசுல கோத்தா பசை ஈரத்துலயே தாள் சுருங்கிக்கும். ரோஜாப்பூ முட்டைக்கோஸ் ஆயிடும்" என்பார் அக்கா.

"நீ கெட்டியில கோத்துக் குடுத்துட்டுப் போயிடறே. நான்தானே பொழுதன்னைக்கும் ஊறப்போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்?" என்பாள் சின்னவள்.

"உக்காந்திருக்கறது ஒரு வேலையா?"

இப்படிப் போகும். பாலீஷ்காரர் எனக்குக் கண்ணைக் காட்டுவார். ஆனால் தாளை இழுத்து ஒட்டுகிற நேரம் வந்தால் இரண்டு பேரும் கப்சிப். நனைந்த தாளை ஆளுக்கு இரண்டு முனை பிடித்துத் தூக்கி, நடுப்பகுதி முதலில் பலகையைத் தொடும்படி மெதுவாக இறக்குவார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார்கள். ஒரு சுருக்கம் இருக்காது, ஒரு காற்றுக் குமிழி இருக்காது. இழு என்றும் விடு என்றும் ஒரு சொல் கிடையாது. நான் ரம்பத்தை நிறுத்திவிட்டு அதைப் பார்ப்பேன்.

இதெல்லாம் ஒரு பல்வலியில் முடிந்தது.

பெரிய நீள்வட்ட மேசை ஒன்றுக்கு வேலை வந்திருந்தது. சுற்றிலும் வெள்ளைப் பூ மாலை, வெளிர் மரத்தில். அந்த நேரம் பார்த்து எங்கள் வழக்கமான தாள் கடையில் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் வேறொரு சுருளை எடுத்துப் போட்டார். பார்வைக்கு அதே பழுப்பு, அதே கனம். அக்கா எப்போதும்போல நாக்கில் வைத்துப் பார்த்தார். ஆனால் அன்றைக்கு அவருக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. காலையிலிருந்து கிராம்பு எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைத்து நாக்கு மரத்துப் போயிருந்தது. மரத்துப்போன நாக்குக்கு எல்லாத் தாளும் ஒன்றுதான். வாங்கி வந்துவிட்டார்.

அது சிமெண்டு மூட்டைக்கென்று செய்த தாள். நனைந்தாலும் கிழியாமல் இருக்க ஏதோ மருந்து கலந்திருப்பார்கள். எங்களில் யாருக்கும் அது தெரியாது. சின்னவள் மட்டும் தாளைத் தொட்டதும் முகத்தைச் சுளித்தாள். விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து அதன்மேல் விட்டாள். சொட்டு முத்துப்போல் உருண்டு நின்றது.

"இங்க பாருக்கா, குடிக்கவே மாட்டேங்குது. இந்த ஒரு தடவை மெல்லிசுல கோத்துடலாம்."

"சூட்டுப் பசை பட்டா எல்லாம் குடிக்கும். எனக்குப் பாடம் நடத்தாதே."

"நாக்குல வச்சுப் பாத்தியா நீ?"

"பாத்தேன், பாத்தேன்."

பல்வலிக்காரரோடு யார் வாதாடுவது? சின்னவள் விட்டுவிட்டாள். அக்கா கோத்தார். பசை நன்றாகத்தான் பிடித்தது. பலகையில் ஒட்டி அழுத்தி எடுத்துக் கழுவப் போனபோதுதான் வினை தெரிந்தது. ஈரத் துணி போட்டு மூடினாள், தாள் அசையவில்லை. சூட்டைக் கூட்டினாள், அசையவில்லை. தாளின் மேற்பரப்பைக் கத்தியால் சுரண்டி மறுபடி ஊறவைத்தாள். தாளுக்குள் போகாத தண்ணீர் பலகையின் ஓரம் வழியாக வெனீர்த் துண்டுகளுக்கு அடியில் போய்விட்டது. மேலே இருந்த தாள் விடவில்லை, அடியில் இருந்த பசை விட்டுவிட்டது. கடைசியில் அவள் தாளைப் பிடித்து இழுத்தபோது பாதிப் பூமாலை தாளோடு எழுந்து வந்தது.

முதலாளி வந்து நின்றார். நல்ல மனுஷர்தான், ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எப்படி ஆச்சு இது?" என்று கேட்டார்.

நானும் பாலீஷ்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அக்கா தாடையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "தாள்ல ஒண்ணும் இல்ல. அவளுக்குக் கழுவத் தெரியல."

எத்தனை வருஷமாகக் கழுவுகிறவள்! சின்னவள் ஈரக் கையை முன்துணியில் துடைத்தாள், முன்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "சரிக்கா" என்றாள். அந்த வாரக் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள். அங்கே திரைச்சீலை தைக்கிற கடை ஒன்றில் சேர்ந்துகொண்டதாகக் கேள்விப்பட்டோம்.

அவள் போன மறுநாள் சாப்பாட்டு வேளையில் நான் கை கழுவ எழுந்தேன். அக்கா சாப்பாட்டைத் திறக்காமல் மேசைமுன் உட்கார்ந்திருந்தார். எதிரில் அந்தத் தாளின் மிச்சத் துண்டு. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர். அது அசையாமல் நின்றுகொண்டிருந்தது, அக்காவும் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை கழுவி, சாப்பிட்டு, ஏப்பம் விட்டு வந்தபோதும் சொட்டு அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தெரிந்துவிட்டதல்லவா, அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே? ஆனால் அக்காவுக்கு அந்தச் சொல் வராது. நம் காலை மிதித்துவிட்டால்கூட "ஏன் இங்க நிக்கிறே?" என்றுதான் கேட்பார். மனசில் இல்லாமல் இல்லை. அவருக்கு வாய் அப்படி அமைந்துவிட்டது.

பிறகு அக்கா தனி ஆள் ஆனார். தனி ஆள் என்பதை நான் அந்தத் தாள் ஒட்டுவதில்தான் பார்த்தேன். நனைந்த தாளுக்கு நாலு முனை, அக்காவுக்கு இரண்டு கை. ஒரு ஓரத்தில் இரும்புக் கட்டையை வைத்து அழுத்திக்கொள்வார். எதிர்ப்பக்கத்து முனைகள் இரண்டையும் கையால் பிடித்துக்கொள்வார். நடுவில் தொங்காமலிருக்கத் தாளின் ஓரத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு, தலையைத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து இறக்குவார். தாடையிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்தில் ஓடும். முதல் நாள் அதைப் பார்த்து, "நான் பிடிக்கிறேனே அக்கா" என்று எழுந்தேன். பல்லில் தாள் இருந்ததால் பேச முடியாமல் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். மறுபடி ஒரு நாள் கேட்டேன். "உன் வேலையைப் பாரு தம்பி" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. பல்லால் கவ்விய இடத்தில் தாளில் வரிசையாகப் பள்ளம் விழுந்திருக்கும். கழுவுகிற வேலை தன் தலையில் விழுந்துவிட்ட பாலீஷ்காரர் அதைப் பார்த்து எலி கடித்ததென்று நினைத்துப் பொறி வாங்கி வைத்தார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, பொறியை எடுத்துப் போட்டுவிட்டார்.

வீட்டில் எப்படி இருந்தார் என்பதை என் வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். அக்காவுக்குக் காய்ச்சல் வந்து வேலைக்கு வராத ஒரு நாள், ரொட்டியும் சூப்பும் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தவள் வெகுநேரம் பேசவில்லை. எங்கள் வீட்டில் அப்படி நடப்பதில்லை என்பதால் நானே என்ன என்று கேட்டேன்.

"அவங்க கட்டிலுக்குப் பக்கத்துச் சுவத்துல, முதுகு உசரத்துக்கு, எண்ணெய்க் கறை பெருசா வட்டமா இருக்குங்க. என்னக்கா இதுன்னேன். நாளெல்லாம் குனிஞ்சு வேலை செய்யறதுல முதுகு வலியாம். தைலம் தேச்சு விட ஆள் இல்லையாம். சுவத்துல தைலத்தைத் தடவிட்டு, அதுல சாஞ்சு முதுகைத் தேச்சுக்கறாங்களாம்." கொஞ்சம் நிறுத்தி, "சொல்லும்போது சிரிச்சாங்க வேற" என்றாள்.

இன்னொரு கட்டில் மடித்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்ததாம். அதன்மேல் தூசி இல்லையாம்.

இப்படியே வருஷங்கள் போயின. என் மச்சான் அந்தப் பக்கத்து ஊரில் இருக்கிறான். ஒரு தடவை அவனைப் பார்க்கப் போனபோது கடைத்தெருவில் சின்னவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. "அண்ணே!" என்று ஓடிவந்தாள். என் பெண்டாட்டி பிள்ளைகளை விசாரித்தாள், பாலீஷ்காரரை விசாரித்தாள், முதலாளியின் முட்டிவலியைக்கூட விசாரித்தாள். விசாரிக்காத ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கிளம்பும்போது மட்டும், "இன்னும் கெட்டித் தாள்லதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரித்தாள்.

அதை அப்படியே வந்து அக்காவிடம் சொன்னேன். கேட்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை, பசையைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஆனால் கொஞ்ச நாள் கழித்து ஒரு படத்தை வரைந்துகொண்டு என் மேசைக்கு வந்தார். பிளந்து வைத்த மாதுளம்பழம். "சொந்த வேலை தம்பி. முதலாளிகிட்ட சொல்லிட்டேன். அறுத்துக் குடு." தங்கைக்குத்தான் என்று எனக்குப் பார்த்ததும் புரிந்தது. சின்னவள் மாதுளையை ஒவ்வொரு முத்தாக எடுத்துத் தின்பாள், பார்க்கிறவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அந்த முத்துகளை அறுத்து எனக்கும் பைத்தியம் பிடித்தது. ஒவ்வொன்றும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. தும்மக்கூட முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தேன்.

அக்கா அதை மெல்லிய தாளில் கோத்தார்.

எங்கே போய் வாங்கினார், செருப்புக் கடையில் கேட்டாரோ என்னவோ, தெரியாது. வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிற தாள். அது பசை ஈரத்தில் சுருங்கச் சுருங்க, ஒரு முத்தை வைத்து, காய விட்டு, அடுத்த முத்தை வைத்து, மாதக்கணக்கில் சாப்பாட்டு வேளைகளில் கோத்தார். கெட்டித் தாளில் இரண்டு நாள் வேலை அது. கடைசியில் பலகையில் ஒட்டி அழுத்தி, ஒரு பழைய துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார். தாள் அப்படியே மேலே ஒட்டியிருந்தது.

"மச்சான் வீட்டுக்குப் போகும்போது அவகிட்ட குடுத்துடு."

"தாளை உரிக்கலையே?"

"வேணும்னுதான். இது அவ சொன்ன தாள். பாத்தாலே அவளுக்குப் புரியும்." வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் மெல்லிசுல கோத்துட்டேன்னு அவ தெரிஞ்சுக்கணும். அவ சொன்னது சரின்னு. அவ்வளவுதான்."

"வாயால என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாதே. புரிஞ்சா வருவா."

வருவாள் என்றபோது அவர் முகத்தில் தெரிந்த ஆசையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பஸ்ஸில் அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்திலிருந்தவர் தூங்கி என்மேல் சாயப் பார்த்தார், முழங்கையால் நெட்டித் தள்ளினேன். என் பாட்டுக்கு நானே மனசுக்குள் சின்னவளைப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

சின்னவள் துணியைப் பிரித்தாள். பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கையால் தொடவில்லை.

"மெல்லிசுத் தாள்" என்றாள்.

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. "நீ சொன்ன தாள்தான் சரின்னு காட்டறதுக்காகத்தான் தாளோட அனுப்பியிருக்காங்க. உரிச்சுப் பாரேன், உள்ள என்ன படம்னு."

"புரியுதுண்ணே. நல்லாவே புரியுது. ஆனா இதைப் பாருங்க." இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்தாள். விரல் நுனிகளில் ரேகையே இல்லை, தோல் வழவழவென்று மினுங்கியது. இடுக்குகளில் பழைய வெடிப்புகளின் தழும்பு. "வெந்நீர்லயும் வஜ்ஜிரத்துலயும் ஊறிப்போன கை. இப்பக்கூடப் பனி நாள்ல வெடிச்சு ரத்தம் வரும். அவ ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தக் கையைப் பாத்ததில்ல. உக்காந்திருக்கறது ஒரு வேலையான்னு கேப்பா." துணியை எடுத்துப் பலகையை மறுபடி சுற்றினாள். "இப்ப மன்னிப்புக் கேக்கறதுக்கும் எனக்கே ஒரு வேலை வச்சிருக்கா பாருங்க. உரிச்சுக் கழுவிப் பாத்துக்கணுமாம் நான். கொண்டு போயிடுங்கண்ணே. சொல்ல வேண்டியது இருந்தா வாயால சொல்லச் சொல்லுங்க."

டீ கொடுத்தாள். குடித்தேன். எனக்கு அதில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்று தெரியாது.

திரும்பி வந்து ஒன்றையும் மறைக்காமல் அக்காவிடம் சொன்னேன். எனக்கு ஒளித்துப் பேசத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அன்றைக்குப் பேசியிருக்க மாட்டேன். சின்னவள் பேரில் கொஞ்சம் கோபமாகவும் அக்கா பேரில் நிறையக் கோபமாகவும் இருந்தது. அக்கா முழுக்கக் கேட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"கழுவற வேலைன்னு நான் நினைக்கவே இல்ல தம்பி" என்றார். "தாள்னு மட்டும்தான் நினைச்சேன்."

பிறகு பலகையை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தொட்டிக்குப் போனார். அங்கே அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. பாலீஷ்காரர் ஓடிப்போய், "குடுங்கக்கா, நான் செஞ்சு தர்றேன்" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தானாக வெளியே வந்துவிட்டார். கதவு திறந்தே இருந்ததால் என் இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. கொதிக்கிற வெந்நீர்க் கெண்டியை அப்படியே தொட்டியில் கவிழ்த்தார். அதில் கையை விட்டுத் துணியை நனைத்துத் தாள்மேல் போட்டார். கையை உதறிக்கொண்டார், மறுபடி விட்டார். தாள் ஊறப் பொறுமையில்லாமல் நகத்தால் சுரண்டினார். தாள் கூழாகி விரலில் சுருண்டுகொண்டது, பசை நகக்கண்ணில் ஏறிக்கொண்டது. துடைக்கத் துடைக்க ஒட்டியது. இரண்டு முத்துகள் பெயர்ந்து வந்துவிட்டன. குனிந்து தேடி எடுத்து, பசை தொட்டு, மறுபடி குழிக்குள் வைத்தார். சாப்பாட்டு வேளை வந்து போனது. உட்காருவதற்கு அங்கே ஒரு ஸ்டூல் கூடக் கிடையாது என்பதை நானே அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சாயங்காலம் பலகையோடு வந்து என் எதிரில் நின்றார். மாதுளை நன்றாக இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. விரல்கள் வெந்து சிவந்து, இரண்டு நகத்தில் ரத்தம் கட்டியிருந்தது. உள்ளங்கையில் ஒரு உருண்டைத் தாள் கூழ்.

"சொல்ல வந்ததெல்லாம் இந்தத் தாள்ல இருந்துச்சு" என்றார். "கழுவினதும் கூழாப் போயிடுச்சு. இனி நான்தான் போயிச் சொல்லணும்." பிறகு, பயந்த குரலில், "நீயும் வர்றியா தம்பி?" என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் மாதுளைப் பலகையை எடுத்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் அக்கா உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்க வேண்டிய இடம் வந்ததும், "வேற நாள் வரலாமா?" என்றார். "இறங்குங்க" என்றேன். அக்காவிடம் நான் அதட்டிப் பேசியது அன்றைக்குத்தான். இறங்கிவிட்டார்.

சின்னவள் கதவைத் திறந்தபோது அவள் உதடுகளுக்கு நடுவே வரிசையாக நாலைந்து குண்டூசிகள். தோளில் பாதி தைத்த திரைச்சீலை. அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஊசிகளை எடுக்கவும் தோன்றவில்லை, பேசவும் முடியவில்லை. யாராவது பேசித்தான் ஆக வேண்டும். நான் வேண்டுமென்றே எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தேன்.

அக்கா ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ, சண்டைக்கு வந்தவர்போல் ஓங்கிப் பேசினார். "அந்தத் தாள் தண்ணி குடிக்காத தாள். நீ சொட்டு விட்டுக் காட்டினே. நான் கேக்கல. என் நாக்கு மரத்துப் போயிருந்துச்சு, அதையும் சொல்லல. உனக்குக் கழுவத் தெரியலன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன் பாரு, அது பொய். சொல்லும்போதே பொய்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நான் முறைத்தேன், உள்ளே போய்விட்டது.

சின்னவள் ஊசிகளை ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து எடுத்துச் சட்டைக் கையில் குத்தினாள். பலகையைப் பார்த்தாள். கழுவியிருந்த மாதுளையைப் பார்த்தாள். பிறகு அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். சட்டென்று அக்காவின் ஒரு கையைப் பற்றித் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினாள்.

"என்னக்கா கை இது?"

"கழுவினேன்."

"கொதிக்கற தண்ணியிலயா?"

"ஆமா."

"அய்யோ, வெதுவெதுன்னு இருந்தாப் போதும்க்கா! கை பொறுக்கற சூடு போதும். இதுகூடவா தெரியாது உனக்கு? இதுகூடவா ஒருத்தரும் சொல்லல?"

அக்காவின் வாய் கோணிக்கொண்டது. இத்தனை வருஷமாக நான் பார்க்காத அழுகை வந்தது.

"யாரு சொல்லுவா? சொல்றதுக்கு நீ இல்லையே."